வானம் பொழிகிறது, வாய்க்கால் பங்கிடுகிறது

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றின் மொட்டைமாடியில் டிஷ் இருக்கிறது. மற்றொன்றில் டிவிக்குப் பின்னால் விரல் நீளத்தில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகியிருக்கிறது. டிஷ் வீட்டில் "சிக்ஸ்!" என்று கூச்சல் எழுகிறது. எதிர்வீட்டுத் திரையில் அந்தப் பந்து இன்னும் வீசப்படவே இல்லை. அரை நிமிடம் கழித்துத்தான் அங்கே அது சிக்ஸராகிறது. அதற்குள் ஆட்டத்தின் சுவாரசியம் போய்விடுகிறது.

யோசித்துப் பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? டிஷ்ஷுக்கு வரும் படம் 36,000 கிலோமீட்டர் மேலே போய், மறுபடி அவ்வளவு தூரம் கீழே இறங்கி வருகிறது. ஸ்டிக்குக்கு வரும் படம் சென்னையில் உள்ள ஒரு கணினியிலிருந்து வந்தால், சுமார் 250 கிலோமீட்டர்தான். விண்வெளிவரை போய்வருவது முந்திக்கொள்கிறது, பக்கத்து ஊரிலிருந்து வருவது பிந்துகிறது.

புதிர் இதோடு முடியவில்லை. ஐப்பசியில் மழை அடித்துப் பெய்யும்போது டிஷ் வீட்டில் 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கும். ஸ்டிக் வீட்டில் படம் ஓடிக்கொண்டிருக்கும். மழையே இல்லாத நாளில், இரவு எட்டரை மணிக்கு, ஸ்டிக் வீட்டுத் திரையில் வட்டம் சுற்றும். டிஷ் வீட்டில் ஒரு குறையும் இருக்காது. மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறினால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை போகும் வழியில் செல்போன் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். அதே வளைவில் உள்ள வீட்டு வாசலில் டிஷ் ஒன்று துல்லியமாகப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு கருவிகளும் காட்டுவது ஒரே படத்தை. ஆனால் படம் அவற்றை வந்தடையும் முறைகள் அடிப்படையிலேயே வேறு. அந்த வேறுபாடு புரிந்துவிட்டால், பழைய சாமான் என்று பலரும் ஒதுக்கிவிட்ட மூன்றாவது கருவியான பதிவுப்பெட்டிக்கு இன்னும் ஏன் வேலை இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

படம் என்பது எண்கள்

முழு எச்டி படம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட் வேண்டும். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம். அசைவு தெரிய நொடிக்கு 25 படங்கள் வேண்டும். இவற்றைப் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட். வீட்டுக்கு வரும் சாதாரண இணைப்பு எதுவும் இதைத் தாங்காது.

எனவே படத்தைச் சுருக்குகிறார்கள். அதற்கு இரண்டு உத்திகள். முதல் உத்தி, அடுத்தடுத்த படங்களில் மாறாததை விட்டுவிடுவது. செய்தி வாசிப்பவரின் பின்னணி நொடிக்கு 25 முறை மாறுவதில்லை. அசைவது அவர் உதடும் கண்ணும்தான். ஒரு முழுப்படத்தை அனுப்பிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாற்றங்களை மட்டும் அனுப்பினால் போதும். சேனல் மாற்றும்போது திரை ஒரு கணம் கறுப்பாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: புதிய சேனலின் அடுத்த முழுப்படம் வரும்வரை செட்டாப் பாக்ஸ் என்ற பெட்டிக்குக் காட்ட எதுவும் இல்லை.

இரண்டாவது உத்தி, ஒரே படத்துக்குள் கண் கவனிக்காத நுணுக்கங்களைக் கழிப்பது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக ஏறி இறங்கும் அலைகளும் வேகமாக ஏறி இறங்கும் அலைகளும் சேர்ந்த கலவையாக எழுதுகிறார்கள். கண்ணுக்கு முக்கியமானவை மெதுவான அலைகள். வேகமானவற்றில் பெரும்பகுதியை எறிந்துவிட்டாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் 1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் இதை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 1974 ஜனவரியில் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து ஆய்வுரையை வெளியிட்டார். செல்போனில் எடுக்கும் புகைப்படம் முதல் டிஷ்ஷில் இறங்கும் சேனல்வரை பெரும்பாலானவை அந்தக் கணக்கிலோ அதன் வழிவந்த கணக்குகளிலோதான் ஓடுகின்றன.

இரண்டு உத்திகளும் சேரும்போது 124 கோடி பிட், நொடிக்கு 50 முதல் 80 லட்சம் பிட்டாகச் சுருங்குகிறது. சாதாரணத் தரத்துக்கு 20 லட்சமே போதும். இவ்வளவு தூரம் டிஷ்ஷும் ஸ்டிக்கும் ஒன்றுதான். சுருக்கிய எண்களை வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் பாதை பிரிகிறது.

வான்வழி

கட்டணமில்லா டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. 36,000 கிலோமீட்டர் என்ற அந்த உயரத்தில் ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆகும் நேரமும் ஒன்றே. அதனால் நம் கண்ணுக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகிறது. இந்த உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒளிபரப்பலாம் என்று 1945-இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க்; பின்னாளில் இலங்கையில் குடியேறியவர். 1975-76-இல் இந்தியா ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள்வழி நேரடித் தொலைக்காட்சியைச் சோதித்துப் பார்த்தபோது, கொழும்பில் இருந்த கிளார்க்கின் வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் ஆன்டெனா நிறுவிக் கொடுத்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் நின்று பார்த்தால் ஜிசாட்-15 தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து சுமார் 68 பாகை உயரத்தில் இருக்கிறது. நேர் உச்சிக்கு 22 பாகைதான் குறைவு. டிஷ் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியாது. அலை குவியும் இடம் தட்டின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழ்விளிம்புப் பக்கமாக அமைந்திருப்பதால், தட்டு சாய்ந்திருந்தாலும் அதன் பார்வை மேலேதான்.

மலை வளைவில் டிஷ் வேலை செய்வதன் ரகசியம் இந்த 68 பாகையில் இருக்கிறது. 100 மீட்டர் தள்ளி ஒரு குன்று இருந்தால், அது ஏறக்குறைய 250 மீட்டர் எழும்பினால்தான் செயற்கைக்கோளை மறைக்க முடியும். அப்படிப்பட்ட செங்குத்துச் சுவர் எல்லா வீட்டுக்கும் எதிரே நிற்பதில்லை. வீட்டை ஒட்டிய பலாமரம் மறைக்கும், எதிர்மலை மறைக்காது. செல்போன் கோபுரத்தின் அலையோ ஏறக்குறைய கிடைமட்டமாக வருவது. கல்வராயன் மலை ஒரே மேடு அல்ல. பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரமுள்ள மேடுகளும் அவற்றுக்கு இடையே பள்ளத்தாக்குகளுமாகக் கிடக்கிறது. ஒரு கோபுரத்துக்கும் ஒரு குடியிருப்புக்கும் இடையே ஒரு மேடு வந்துவிட்டால் போதும், அந்தக் குடியிருப்பு நிழலில் விழுந்துவிடும்.

மழையில் கதை மாறுகிறது. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பெருமழையின் துளிகள் சில மில்லிமீட்டர் பருமன் இருக்கும். அலைநீளத்துக்கு இவ்வளவு நெருக்கமான அளவில் துளிகள் இருந்தால் அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். 4ஜி அலைகளின் நீளம் 13 சென்டிமீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு மேல்வரை. அவற்றுக்கு அதே துளிகள் பொருட்டே அல்ல. எதிர்வீட்டு ஸ்டிக் மழையில் தப்பிப்பது இதனால்தான். ஃபைபர் இணைப்பாக இருந்தால் வானிலையே அதைத் தொடாது.

வானிலிருந்து இறங்கும் எண்கள் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகின்றன. ஒரு பைட் என்பது 8 பிட். ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் பைட்டும் 71 என்ற எண். அதைப் பார்த்துத்தான் பொட்டலம் எங்கே தொடங்குகிறது என்று பெட்டி கண்டுகொள்கிறது. அடுத்து, இது எந்தச் சேனலின் படம், எந்தச் சேனலின் ஒலி என்று சொல்லும் அடையாள எண். ஒரே அலைவரிசையில் பத்துப் பதினைந்து சேனல்கள் கலந்து வந்தாலும், நமக்கு வேண்டிய அடையாள எண்களை மட்டும் பெட்டி பொறுக்கிக்கொள்ளும். வழியில் எழுத்துகள் சிதைந்தால் சரிசெய்ய 188 பைட்டோடு இன்னும் 16 பைட் சேர்த்து அனுப்புகிறார்கள். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960-இல் வெளியிட்ட கணக்கு இது. எங்கே சிதைந்தது என்று தெரியாவிட்டாலும் ஒரு பொட்டலத்தில் 8 பைட்வரை மீட்டுவிடலாம்.

எட்டைத் தாண்டினால் மீட்க முடியாது. டிஷ்ஷுக்குக் கேட்கத்தான் தெரியும். "அந்தப் பொட்டலம் வரவில்லை, மறுபடி அனுப்பு" என்று செயற்கைக்கோளிடம் சொல்ல வழியில்லை. அதனால்தான் மழை கனக்கும்போது டிஷ் படம் படிப்படியாக மங்குவதில்லை. கடைசிவரை தெளிவாக இருந்து, சதுரம் சதுரமாக உடைந்து, சட்டென்று போய்விடுகிறது.

ஓடைவழி

ஸ்ட்ரீமிங்கை ஓடைவழி என்று வைத்துக்கொள்வோம். இதில் படம் தானாக வருவதில்லை. ஸ்டிக் கேட்டு வாங்குகிறது. நிகழ்ச்சியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் உயர்ந்த தரம், நடுத்தரம், குறைந்த தரம் என்று பல வடிவங்களில் கணினியில் வைத்திருப்பார்கள். ஸ்டிக் முதலில் ஒரு பட்டியலை வாங்கிப் படிக்கும். பிறகு முதல் துண்டைக் கேட்கும், வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். விரைவாக வந்தால் அடுத்த துண்டை உயர்ந்த தரத்தில் கேட்கும். தாமதமானால் தரத்தைக் குறைத்துக் கேட்கும். வழியில் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். எனவே ஓடைவழிப் படம் சதுரமாக உடைவது அரிது. முதலில் கலங்கும். அதற்கும் வழியில்லை என்றால் வட்டம் சுற்றும்.

கேட்டு வாங்குவதில் ஒரு சிக்கல்: அடுத்த துண்டு எப்போது வரும் என்று உறுதியில்லை. அதனால் ஸ்டிக் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கித் தன் நினைவில் நிறுத்திக்கொண்டு, பிறகுதான் காட்டத் தொடங்குகிறது. இந்த இருப்பைத் தாங்கல் எனலாம். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த முறையில் ஒரு துண்டு 10 நொடி இருந்தது. 2016-இல் 6 நொடியாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. மூன்று துண்டுகளை இருப்பு வைத்தால் 10 நொடிக் கணக்கில் 30 நொடி, 6 நொடிக் கணக்கில் 18 நொடி. அதோடு துண்டாக்கவும், பல தரங்களில் சுருக்கவும், ஊர் ஊராக உள்ள கணினிகளுக்குப் பரப்பவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் எதிர்வீட்டுக்காரர் இழந்த அரை நிமிடம் கிடைத்துவிடும்.

டிஷ்ஷின் கணக்கு வேறு. 36,000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கு ஆகும் நேரம் கால் நொடிதான். சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் சேர்த்தாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். தாமதத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, காத்திருப்பு.

இரவு எட்டரை மணிக்குச் சுற்றும் வட்டத்துக்கும் காரணம் இங்கேதான். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர்வரை பார்த்தார்கள். தலைக்கு நொடிக்கு 20 லட்சம் பிட் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 118 லட்சம் கோடி பிட் ஓட வேண்டும். எல்லாரும் பார்த்தது அதே பந்தை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படி போயாக வேண்டும். அதே ஆட்டத்தை வான்வழி அனுப்ப, தரத்துக்கேற்ப நொடிக்கு 20 முதல் 80 லட்சம் பிட்களே போதும். பார்ப்பவர் பத்துப் பேரானாலும் பத்துக் கோடிப் பேரானாலும் அந்த அளவு மாறாது. ஒரு கோபுரத்தின் கீழ் இருபது வீடுகள் ஒரே நேரத்தில் நாடகம் பார்த்தால் கோபுரத்தின் திறன் இருபதாகப் பிரியும். வானத்தின் திறன் பிரிவதே இல்லை.

மழை, வாய்க்கால், அணை

கள்ளக்குறிச்சிப் பக்கத்து விவசாயிக்கு இது புதிய செய்தி அல்ல. கல்வராயன் மலையில் பெய்யும் மழை எந்தக் காட்டையும் தேர்ந்தெடுத்துப் பெய்வதில்லை. இன்னொருவர் காட்டில் பெய்ததால் நம் காட்டில் குறைவதும் இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் பெய் என்று அதனிடம் சொல்ல முடியாது. ஒளிபரப்பு அப்படிப்பட்ட மழை.

வாய்க்கால் நீர், மடையைத் திறந்தால் வரும். எனக்கு இப்போது வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். ஆனால் வாய்க்காலின் அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாரும் ஒரே பொழுதில் மடை திறந்தால் கடைமடைக்கு நீர் போகாது. ஓடைவழிப் படம் இந்த வாய்க்கால்.

இரண்டுக்கும் நடுவே மலையடிவாரத்தில் கோமுகி அணை நிற்கிறது. பெய்த நேரத்தில் வாங்கிக்கொள்கிறது, வேண்டிய நேரத்தில் தருகிறது. பதிவுப்பெட்டி செய்வது அதுவே. ஸ்டிக்குக்குள் இருக்கும் தாங்கலும் நீரைத் தேக்குவதுதான். ஆனால் அது சில நொடிக்கான இருப்பு, பதிவுப்பெட்டியில் இருப்பதோ பல நாளைக்கான இருப்பு.

பதிவுப்பெட்டிக்குள்

எண்பதுகளில் கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டவர்களுக்குப் பதிவு என்றால் காந்த நாடா. நாடாவில் அலையின் வடிவமே பதிந்தது. ஒவ்வொரு முறை படி எடுக்கும்போதும் தரம் தேய்ந்தது. ஒளிபரப்பைப் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவது குற்றமில்லை என்று 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்தட்டில் பதியும் பெட்டிகள் 1999-இல் அங்கே கடைக்கு வந்தன. இந்தியாவில் 2008-இல் டாடா ஸ்கை அத்தகைய பெட்டியை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. இன்று சாதாரண செட்டாப் பாக்ஸ் பலவற்றிலும் பென்டிரைவ் செருக ஒரு துளையும், ரிமோட்டில் பதிவுக்கு ஒரு சிவப்புப் பொத்தானும் இருக்கின்றன.

பொத்தானை அழுத்தினால் உள்ளே நடப்பது எளிமையான வேலை. பெட்டி புதிதாகப் படம் எடுப்பதில்லை, சுருக்குவதும் இல்லை. வானிலிருந்து வந்த அதே 188 பைட் பொட்டலங்களில் நமக்கு வேண்டிய அடையாள எண் உள்ளவற்றை எடுத்து வரிசையாக எழுதிவைக்கிறது. அதனால் பதிவின் தரமும் நேரலையின் தரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு ஜிபிக்கும் சற்றுக் குறைவாகவே இடம் பிடிக்கும். 32 ஜிபி பென்டிரைவில் முப்பது மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

ஓடும் நிகழ்ச்சியை நிறுத்திவைத்து, தோசை ஊற்றிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இதே வித்தைதான். திரையில் படம் நின்றிருக்கும். பின்னால் பெட்டி எழுதிக்கொண்டே இருக்கும். நாம் வந்ததும் ஒரு பக்கம் எழுதியபடியே இன்னொரு பக்கம் பழையதைப் படித்துக் காட்டும். ஒரு சேனலைப் பதிந்துகொண்டே வேறு சேனலைப் பார்க்க வேண்டுமானால் பொதுவாக இரண்டு அலைவாங்கிகள் வேண்டும். ஒரு வாங்கி ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையைத்தான் பிடிக்கும்.

கட்டணச் சேனல்களின் பொட்டலங்கள் பூட்டுப் போட்டு வருகின்றன. சாவி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தப் பதிவு பெரும்பாலும் பதிந்த பெட்டியில் மட்டுமே ஓடும். பென்டிரைவை வேறு பெட்டியில் செருகினால் ஓடாது. ஸ்டிக்கிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ இணைப்பும் அப்படிப் பூட்டிய இணைப்பே. ஸ்டிக் காட்டுவதைப் பதிவுப்பெட்டியில் பதிய முடியாது என்பதும், இரண்டும் டிவியின் இரு துளைகளில் அருகருகே அமரத்தான் முடியும் என்பதும் இதனால்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

இவற்றையெல்லாம் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்டிக்கில் படம் ஓடும்போது இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். படம் உடனே நிற்காது. இன்னும் சில நொடி ஓடிவிட்டுத்தான் நிற்கும். அந்த நொடிகள்தான் தாங்கலின் கொள்ளளவு. டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றினால் படம் அந்தக் கணமே உறையும். அங்கே இருப்பு மிகக் குறைவு. கழற்றுவதற்கு முன் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, மாட்டியபின் மறுபடி போடுவது நல்லது.

மழை வரும் மாலையில் செட்டாப் பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் சிக்னல் தரம் காட்டும் பட்டையைத் திறந்து வையுங்கள். மழை வலுக்க வலுக்கப் பட்டை இறங்கும். ஆனால் படம் பழுதில்லாமலே இருக்கும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கியபின்தான் உடையும். அந்த அளவுவரை உங்களைக் காப்பாற்றியது, கூடுதலாக அனுப்பிய பைட்டுகள். அந்த நேரத்தில் பதிந்திருந்தால், பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில் அதே சதுரங்கள் உடையும். பெட்டி படத்தைத் தொடாமல், வந்ததை வந்தபடியே எழுதிவைக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

செயற்கைக்கோள் அங்கேதான் இருக்கிறது என்பதற்கும் ஆண்டுக்கு இருமுறை சாட்சி கிடைக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து பார்க்கும்போது, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டி, சூரியன் ஜிசாட்-15-க்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ஒரு பெரிய வானொலி அலை மூலம். அதன் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கி, மேகமே இல்லாத வானத்தில் சில நிமிடங்கள் அதே தரப்பட்டை இறங்குவதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் சூரியன் நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத செயற்கைக்கோளின் திசை அதுதான். ஆனால் வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்க வேண்டாம். ஒரு குச்சியை நட்டு, நிழலை வைத்துக் கணியுங்கள்.

அருகருகே அமர்த்துவது

இரண்டையும் சேர்த்துவைப்பதில் நுட்பம் பெரிதாக இல்லை. கவனிக்க வேண்டியவை சில. எச்டிஎம்ஐ துளை இரண்டு வேண்டும். ஒன்றில் செட்டாப் பாக்ஸ், மற்றொன்றில் ஸ்டிக். அரசு இலவசமாகக் கொடுத்த பழைய கலர் டிவியில் அந்தத் துளை கிடையாது. அதற்குச் செட்டாப் பாக்ஸின் மூன்று வண்ண ஒயரே துணை. ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுத்தால், பல டிவிகளில் அரை ஆம்பியர்தான் கிடைக்கும். அது போதாமல் ஸ்டிக் அடிக்கடி அணைந்து எழும். ஸ்டிக்கோடு வந்த அடாப்டரைச் சுவரில் செருகுவதே சரி. பதிவுக்கு மலிவான பென்டிரைவ் போதும். ஆனால் நிறுத்தித் தொடரும் வசதியை நாள் முழுக்க ஓடவிட்டால், இடைவிடாமல் எழுதி எழுதி அதன் நினைவறைகள் விரைவில் தேய்ந்துவிடும். அந்த வேலைக்கு வன்தட்டு நல்லது. நேரம் குறித்துவைத்த பதிவுக்கு அந்த நேரத்தில் மின்சாரம் இருக்க வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் பெட்டிக்கு ஒரு சிறு யுபிஎஸ் அவசியம்.

வேலைப் பிரிவினையும் தெளிவானதே. பலர் ஒரே நேரத்தில் பார்க்கும் செய்தி, ஆட்டம், நாடகம், பாடம் ஆகியவற்றை வானத்திடம் விட்டுவிடலாம். நமக்கு மட்டும் வேண்டியதை, எப்போதோ வெளிவந்த ஒரு படத்தையோ ஒரு கணக்குக்கான விளக்கத்தையோ, ஸ்டிக்கிடம் கேட்கலாம். வானம் தருவதில் நேரம் ஒத்துவராததைப் பதிவுப்பெட்டி காக்கட்டும். எல்லாவற்றையும் ஸ்டிக்கிடமே சுமத்தும் வீடு, மழை கொட்டும்போது வாய்க்கால் நீருக்குச் சண்டை போடும் காடு.

கள்ளக்குறிச்சி நகரத்தில் ஃபைபர் வந்த வீட்டுக்கு இது வசதிக்கான யோசனை. மலைமேல் சேராப்பட்டிலும் இன்னாட்டிலும் சிக்னல் தேடும் வீட்டுக்கு இதுவே தேவை. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது வகுப்புவாரியாக நேரம் குறித்துப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அதே பாடங்கள் யூடியூபிலும் ஏறின. ஒன்றிய அரசின் பாடச் சேனல்கள் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வருகின்றன. ஆனால் ஒரு டிவி உள்ள வீட்டில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் இருந்தால்? பாடம் வரும் நேரத்தில் மரவள்ளிக் காட்டில் வேலை இருந்தால்? ஒளிபரப்பு காத்திருக்காது. யூடியூபில் காத்திருக்கும், அதை எட்ட சிக்னல் இல்லை. இந்த இடைவெளியைப் பதிவுப்பெட்டியும் ஒரு பென்டிரைவும் அடைத்துவிடும். கல்வராயன் மலையில் இருக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒவ்வொன்றிலும், பூட்டில்லாமல் இறங்கும் பாடங்களை நாள்தோறும் பதிந்துவைக்கும் ஒரு பெட்டி இருந்தால், ஓர் ஆண்டில் அந்தப் பள்ளியிடம் ஒரு பாட நூலகமே சேர்ந்துவிடும். அதற்கு இணையம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம்.

இணைப்பு அகலமாக இருக்கும் இடத்தில் சேமிப்பு குறைவாக இருந்தாலும் வண்டி ஓடும். இணைப்பு குறுகலாக இருக்கும் இடத்தில் சேமிப்பே இணைப்பின் வேலையைச் செய்யும். இரவெல்லாம் மெல்ல இறங்கியதைப் பகலில் ஒரே மூச்சில் பார்க்கலாம். ஒருமுறை இறங்கியதை ஒரு வகுப்பே நூறு முறை பார்க்கலாம். மலைக்குக் கோபுரங்களும் ஃபைபரும் வந்தே ஆக வேண்டும். அது அந்த மக்களின் உரிமை. அவை வந்து சேரும்வரை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காத்திருக்கத் தேவையில்லை. வானம் இன்றைக்கும் அவர்கள் வாசலில் மற்ற ஊர்களுக்குக் குறையாமல் பொழிகிறது. பிடித்துவைக்க ஒரு பெட்டியைக் கொடுப்பது நம்மால் இப்போதே முடியும்.